மூணு மீட்டருக்கு நாப்பது மீட்டர் பின்!

ஒரே ஒரு கேள்வி மக்களே. நெகட்டிவ் மார்க் கிடையாது, தைரியமா பதில் சொல்லலாம்.

உங்க கையில ஒரு காம்பவுண்ட் வில். அதாங்க, ரெண்டு முனையிலயும் சக்கரம் வெச்சு, பார்த்தா வில்லா சைக்கிளான்னு சந்தேகம் வருமே, அது. வில்லுல சைட் பூட்டியிருக்கு. சைட்டுக்குள்ள ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அஞ்சு பின். மேல இருக்கிறது 20 மீட்டருக்கு. அதுக்குக் கீழ 30, 40, 50, கடைசியா 60. இப்போ உங்க எதிர்ல, மூணே மூணு மீட்டர்ல டார்கெட். எந்தப் பின்னை வெச்சுக் குறி பார்ப்பீங்க?

'20தான் பாஸ், இருக்கிறதுலயே பக்கம் அதுதானே'ன்னு சொன்னவங்க எல்லாம் கொஞ்சம் எழுந்து நில்லுங்க. உங்க அம்பு, நீங்க குறிவெச்ச புள்ளிக்கு 4.6 செ.மீ. கீழ போய்க் குத்தியிருக்கும். சரியான பதில் 40. இன்னும் கறாரா சொன்னா 43.5.

கலாய்க்கலீங்க. எட்டி உட்கார்ந்து எதிர் வீட்டு மாமரத்தைக் குறி பார்க்க வேண்டிய பின்னை வெச்சுத்தான், மூக்குக்கு முன்னாடி இருக்கிற டார்கெட்டை அடிக்கணும். வார இறுதியில நான் போய்ட்டு வர்ற ரேஞ்சில எங்க மாஸ்டர் இதைச் சொன்னப்போ எல்லாரும் சிரிச்சோம். அவர் சிரிக்கல. அடிச்சுக் காட்டினார். ஏன்னு மட்டும் சொல்லல. 'நீங்கதான் இன்ஜினீயரிங் படிக்கிறீங்களே, கண்டுபிடிங்க'ன்னுட்டுப் போய்ட்டார். நம்ம மானப் பிரச்னையாச்சே, விடுவோமா?

சைட்டுங்கிற வார்த்தையைக் கேட்டதும் உங்க மனசு கேன்டீன் பக்கம் ஓடியிருந்தா, தயவுசெஞ்சு திரும்பக் கூட்டிட்டு வாங்க. இது வேற சைட். ஆனா இதுலயும் விஷயம் கண்ணுலதான் ஆரம்பிக்குது. நாணுக்கு நடுவுல ஒரு குட்டி வளையம் சொருகியிருப்பாங்க. பீப்னு பேரு. நாணை முழுசா இழுத்ததும் அந்த வளையம் கண்ணுக்கு நேரா வரும். வளையத்து வழியா பின்னைப் பார்க்கணும், பின் வழியா டார்கெட்டைப் பார்க்கணும். மூணும் ஒரு நேர்கோடு. இதைப் பார்வைக்கோடுன்னு வெச்சுக்கலாம்.

ஆனா அம்பு அந்தக் கோட்டுல கிளம்பலையே! அது தாடைகிட்ட, நாணோட கீழ்ப்பக்கத்துல மாட்டியிருக்கு. கண்ணுக்கும் அம்புக்கும் நடுவுல சுமாரா 10 செ.மீ. இடைவெளி. அர்ஜுனன்கிட்ட துரோணர் 'என்ன தெரியுது'ன்னு கேட்டார், அவனும் 'பறவையோட கண்ணு தெரியுது'ன்னான், ரைட்டு. அந்தக் கண்ணுக்கும் இவன் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், இவன் கண்ணுக்குக் கீழ அம்பு எங்க இருக்குன்னு யாராவது கேட்டாங்களா?

ரீல் போட்ட பழைய கேமரா வீட்டுல இருந்தா எடுத்துப் பாருங்க. லென்ஸுக்கு மேல தனியா ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதுலதான் கண்ணை வெச்சுப் பார்த்து போட்டோ எடுக்கணும். பத்தடி தள்ளி நின்னு எடுத்தா குடும்பமே அழகா விழும். ஆசையா கிட்டப் போய் பாப்பா முகத்தை மட்டும் எடுத்தா, பிரின்ட்டுல பாப்பாவுக்கு நெத்தி இருக்காது. பார்த்தது மேல இருந்த ஜன்னல், படம் பிடிச்சது கீழ இருந்த லென்ஸ். தூரத்துல அந்த வித்தியாசம் தெரியல. கிட்டத்துல தலையையே வெட்டிடுச்சு. மூணு மீட்டர் டார்கெட்டுல அம்பு கீழ குத்துறதும் அச்சு அசலா இதே கதைதான்.

இப்போ கணக்கு. பயப்படாதீங்க, பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் போதும். அம்போட வேகம் வினாடிக்கு 80 மீட்டர்னு வெச்சுப்போம், காம்பவுண்ட் வில்லுக்கு இது சாதாரண வேகம். காத்துத் தடையைத் தள்ளிடுவோம், தரையும் சமதளம். மூணு மீட்டரைக் கடக்கிற நேரத்துல புவியீர்ப்பு இந்த அம்பை எவ்வளவு கீழ இழுக்கும்? வெறும் 7 மில்லிமீட்டர். ஒண்ணுமே இல்ல. ஆனா அம்பு கிளம்புறப்பவே 10 செ.மீ. பள்ளத்துல இருக்கே? அதையும் சேர்த்தா 10.7 செ.மீ. மேல ஏறணும். ஏற கிடைக்கிறது மூணு மீட்டர்தான். அப்போ மீட்டருக்கு 3.56 செ.மீ. வீதம் அம்பு மேல்நோக்கிச் சாஞ்சு கிளம்பணும்.

அடுத்து 43.5 மீட்டர். அங்க போறதுக்குள்ள புவியீர்ப்பு 1.45 மீட்டர் இழுத்துடும். அது கூட அதே 10 செ.மீ. பள்ளம். மொத்தம் 1.55 மீட்டர். ஏற கிடைக்கிறது 43.5 மீட்டர். வகுத்துப் பாருங்க. மீட்டருக்கு 3.56 செ.மீ.!

ரெண்டும் ஒரே சாய்வு, அதனால ஒரே பின். கிட்டத்துல நம்ம எதிரி அந்த 10 செ.மீ. இடைவெளி, தூரத்துல புவியீர்ப்பு. ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா கேக்கிற கூலி மட்டும் ஒண்ணு.

இந்த இடத்துல ஒரு உண்மையைச் சொல்லியாகணும். இந்தக் கணக்கை எழுதினா கடைசியில வர்றது ஒரு இருபடிச் சமன்பாடு, அதாவது குவாட்ராட்டிக். அதுக்கு ரெண்டு மூலம். ஸ்கூல்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் நாம என்ன பண்றோம்? ரெண்டு விடை வந்தா, ஒண்ணை வெச்சுட்டு இன்னொண்ணை 'பொருந்தாது'ன்னு எழுதி அடிச்சுட்டு அரை மார்க்கை வாங்கிட்டுப் போயிடுவோம். இங்க அடிக்கவே முடியாது. 43.5-ம் நிஜம், 3-ம் நிஜம். அம்பு பார்வைக்கோட்டை ரெண்டு தடவை வெட்டுது. கீழேர்ந்து மேல ஏறும்போது ஒரு தடவை, மேலேர்ந்து விழும்போது ஒரு தடவை. 20 மீட்டர் பின்னை எடுத்துக்கிட்டா அந்த முதல் வெட்டு 6.5 மீட்டர்ல. நடுவுல 13 மீட்டர்கிட்ட அம்பு கோட்டுக்கு 3.5 செ.மீ. மேலயே பறந்துட்டு அப்புறம் இறங்குது.

மூலங்களோட பெருக்கல் பலன் ஞாபகம் இருக்கா? கூட்டல் பலன், பெருக்கல் பலன்னு ரெண்டு மார்க் கேள்வியா வருமே, அதேதான். கிட்ட தூரத்தையும் எட்ட தூரத்தையும் பெருக்கினா எப்பவும் ஒரே நம்பர். நம்ம உதாரண வில்லுக்கு அது ஏறக்குறைய 130. 3 மீட்டருக்கு ஜோடி 43.5, 4-க்கு 32 சொச்சம், 5-க்கு 26, 6.5-க்கு 20. இப்படியே ரெண்டு பக்கமும் நெருங்கி நெருங்கி 11.4 மீட்டர்ல ஜோடி ஒண்ணாயிடும். சைட் உச்சத்துல நிக்கிற இடம் அதுதான். அதுக்கு அந்தப் பக்கம் போனாலும் இந்தப் பக்கம் வந்தாலும் பின்னைக் கீழதான் இறக்கணும். கண்ணுலேர்ந்து பின் 85 செ.மீ. தள்ளி இருந்தா, 8 மீட்டர்லேர்ந்து 16 மீட்டர் வரைக்கும் பின் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆனா 20 மீட்டர் இடத்துலேர்ந்து 3 மீட்டர் இடத்துக்கு 13 மில்லிமீட்டர் இறக்கணும். பின்ல 13 மில்லிமீட்டர்ங்கிறது பெரிய பயணம்.

'மூணு மீட்டர்ல எவன்யா போட்டி வைக்கிறான்?' நியாயமான கேள்வி. டி.வி.யில நாம பார்க்கிற காம்பவுண்ட் போட்டி எல்லாம் 50 மீட்டர்தான். 2023-ல ஹாங்சோ ஆசியப் போட்டியில ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் ஆளுக்கு மூணு தங்கம் அள்ளினது அந்தத் தூரத்துல. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல சேர்த்திருக்கிற காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் இதே வில்லுக்குத்தான். அங்க ஒரே தூரம், ஒரே மார்க். இரண்டாவது மூலத்துக்கு வேலையே இல்ல.

வேலை இருக்கிறது காட்டுக்குள்ள. ஃபீல்டு ஆர்ச்சரின்னு ஒரு வகை. மரம், மேடு, பள்ளம்னு நடந்துக்கிட்டே ஒவ்வொரு டார்கெட்டா அடிச்சுட்டுப் போறது. ஐ.எஃப்.ஏ.ஏ.ங்கிற சர்வதேச ஃபீல்டு ஆர்ச்சரி சங்கத்தோட ஃபீல்டு ரவுண்டுல ஒரு குட்டி டார்கெட் வரும். 20 செ.மீ. பேப்பர், நடுப்புள்ளி 4 செ.மீ. அகலம்தான். 35 அடியில நின்னு ஒரு அம்பு, முன்னாடி நடந்து 30 அடியில ஒண்ணு, 25-ல ஒண்ணு, 20-ல ஒண்ணு. நம்ம உதாரண வில்லோட போனா என்ன ஆகும்? 35 அடிக்கு சைட்டை 12 மீட்டர் மார்க்ல வைக்கலாம். 30 அடிக்கு 14 மீட்டர். 25 அடிக்கு 17. 20 அடிக்கு 21 மீட்டர் மார்க்! கால் கிட்டப் போயிட்டே இருக்கு, சைட் எட்டப் போயிட்டே இருக்கு. சோம்பேறித்தனப்பட்டு முதல் மார்க்கையே வெச்சு நாலையும் அடிச்சா, கடைசி அம்பு 2 செ.மீ. கீழ, நடுப்புள்ளியோட விளிம்புல போய் நிக்கும். கோட்டைத் தொட்டா தப்பிச்சீங்க, இல்லைன்னா பாயின்ட் போச்சு. அதுவும் 'கிட்டத்துல இருக்கே, கண்ணை மூடிட்டு அடிக்கலாம்'னு எல்லாரும் நினைக்கிற டார்கெட்டுல. வயித்தெரிச்சலா இருக்காது?

3டி போட்டி இதைவிட மோசம். ஃபோம்ல செஞ்ச மான், பன்றி எல்லாம் அங்கங்க நிக்கும். உலக வில்வித்தை அமைப்போட விதிப்படி காம்பவுண்டுக்கு 5 மீட்டர்லேர்ந்து 45 மீட்டர் வரைக்கும் எங்க வேணாலும் வைக்கலாம். எவ்வளவு தூரம்னு எழுதி வைக்க மாட்டாங்க, கண்ணாலதான் மதிப்பிடணும். தூரத்துல இருக்கிறதுதான் கஷ்டம்னு தோணும். நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 12 மீட்டர்ல இருக்கிறதை 13-னு தப்பா நினைச்சா, அம்பு நகர்றது ஒன்றரை மில்லிமீட்டர். யாருக்கும் தெரியாது. 5 மீட்டர்ல இருக்கிறதை 6-னு நினைச்சா 1.3 செ.மீ. ஒம்போது மடங்கு! 40-ஐ 41-னு நினைச்சா 2.8 செ.மீ. மேல போகும். இதுல ஒரு வில்லங்கம் பாருங்க. தூரத்துல, கூடுதலா மதிப்பிட்டா அம்பு மேல. கிட்டத்துல, கூடுதலா மதிப்பிட்டா அம்பு கீழ. எல்லாமே தலைகீழ்.

போட்டிக்கே போகப் போறதில்ல, புதுசா கத்துக்கிறேன்னு சொல்றவங்களுக்குத்தான் இந்த மேட்டர் ரொம்ப முக்கியம். புது வில்லுக்கு சைட் செட் பண்றப்போ யாரா இருந்தாலும் கிட்டத்துலதான் ஆரம்பிப்பாங்க. மெத்தையைத் தவறவிடக் கூடாதேன்னு மூணு மீட்டர்ல நின்னு முதல் அம்பு. அது கீழ குத்தும். சைட் விஷயத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே விதி, அம்பு போன பக்கமே பின்னை நகர்த்தணும்கிறது. விதி சரிதான். அம்பு கீழ போச்சு, பின்னையும் கீழ இறக்குவோம். இன்னும் கொஞ்சம் இறக்குவோம். ஆஹா, மூணு மீட்டர்ல நட்ட நடு சென்டர்! செட் ஆயிடுச்சுன்னு திருகாணியை இறுக்கிட்டு நேரா 20 மீட்டருக்குப் போய் அடிச்சா, அம்பு நடுப்புள்ளிக்கு 30 செ.மீ. மேல போகும். 40 செ.மீ. பேப்பரையே தாண்டி 10 செ.மீ. மேல. மெத்தை சின்னதா இருந்தா அதையும் தாண்டும். பின்னாடி வலை இருந்தா பரவாயில்ல. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது துணி காயப்போட்டுட்டு இருந்தா?

அதனால மூணு மீட்டர்ல சென்டரைத் தேடாதீங்க. அங்க அம்பு நாலரை செ.மீ. கீழ குத்தினா சந்தோஷப்படுங்க, உங்க 20 மீட்டர் பின் ஏறக்குறைய சரியான இடத்துல இருக்குன்னு அர்த்தம். அப்படியே ஆறு ஆறரை மீட்டர் பின்னாடி வந்து அடிங்க. அங்க நடுவுல விழணும். 10 மீட்டர்ல ரெண்டரை மூணு செ.மீ. மேல விழணும். இதெல்லாம் ஒத்துவந்த பிறகு 20 மீட்டர் போனா, முதல் அம்பே பேப்பர்ல இருக்கும். மிச்சத்தைத் திருகாணியில பார்த்துக்கலாம்.

இந்த நம்பர் எல்லாம் என்னோட உதாரண வில்லுக்கு. உங்க வில்லுக்கு வேற. ரிகர்வ் வில்லுல நாணைத் தாடைக்குக் கீழ வரைக்கும் கொண்டுவருவாங்க, இடைவெளி அதிகம், வேகம் கம்மி. இடைவெளி 12 செ.மீ., வேகம் 60 மீட்டர்னு வெச்சா ஜோடி நம்பர் 88-க்கு இறங்கிடும். 5 மீட்டருக்கு ஜோடி 17.6. அதாவது உள்ளரங்கப் போட்டியோட 18 மீட்டர் மார்க்கை வெச்சே 5 மீட்டரை அடிச்சுடலாம்!

உங்க வில்லோட நம்பரைக் கண்டுபிடிக்க வேகம் அளக்கிற மெஷின் எல்லாம் வேணாம், டேப் போதும். முதல்ல 20 மீட்டர்ல பின்னைத் துல்லியமா செட் பண்ணிடுங்க. அப்புறம் அதே பின்னோட 4, 5, 6, 7, 8 மீட்டர்னு நின்னு அடிச்சுப் பாருங்க. எங்க அம்பு திரும்பவும் நடுவுல விழுதோ அந்தத் தூரத்தை 20-ஆல பெருக்குங்க. அவ்வளவுதான். இனிமே எந்தக் கிட்ட தூரம் வந்தாலும் அந்த நம்பரை அதால வகுத்தா போட வேண்டிய மார்க் வந்துடும். போனஸா அம்போட வேகமும் கிடைக்கும். ஜோடி நம்பரை 9.81-ஆல பெருக்கி, கண்ணுக்கும் அம்புக்கும் உள்ள இடைவெளியோட ரெண்டு மடங்கால வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. இடைவெளியை மீட்டர்ல போடணும், செ.மீ.யில போட்டுட்டு ஆமை வேகம் வருதுன்னு எனக்கு லெட்டர் போடாதீங்க. ஃபிசிக்ஸ் லேப்ல ரெக்கார்டு நோட்டு எழுதியே நொந்துபோன எனக்கு, டேப்பை வெச்சே அம்போட வேகத்தைப் பிடிச்ச அன்னிக்குத்தான் லேப்னா என்னன்னு புரிஞ்சது.

மேல கீழ மட்டும் பேசிட்டு இடம் வலத்தை விட்டுட்டேன். பின் அம்புக்கு நேர் மேல இருந்தா எந்தத் தூரத்துலயும் பிரச்னை வராது. கொஞ்சம் ஒதுங்கி இருந்தா, கிட்டத்துல ஒரு பக்கமும் தூரத்துல எதிர்ப் பக்கமும் அம்பு போகும். ஒரே பின்னை வெச்சு, பேப்பர்ல ஒரு செங்குத்துக் கோடு போட்டு, கிட்டேர்ந்து பின்னாடி நகர்ந்துக்கிட்டே அடிச்சா குட்டு வெளிப்பட்டுடும். துளையெல்லாம் ஒரே செங்குத்து வரிசையில இருந்தா ஓ.கே. சாஞ்சு போனா, கைவைக்க வேண்டியது சைட்டுல இல்ல, அம்பு உட்கார்ற தாங்கியில. அது தனிக் கதை, மாஸ்டரைக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு. கிட்டத்துல அடிக்கிறப்போ ஒரு புள்ளிக்கு ஒரு அம்புதான். ரெண்டாவது அம்பு முதல் அம்போட பின்மண்டையிலயே போய்ச் சொருகும். சினிமாவுல பார்க்க கெத்தா இருக்கும், நிஜத்துல ரெண்டு அம்பும் காலி. கார்பன் அம்போட விலையைக் கேட்டா ஒரு மாச மெஸ் பில்லை நினைச்சுக் கண்ணு கலங்கும். பேப்பர்ல அஞ்சாறு புள்ளி வரைஞ்சுக்கிட்டு மாத்தி மாத்தி அடிங்க.

இந்தக் கணக்கு முழுக்க ஹாஸ்டல் ரூம்ல, ரூம்மேட்டோட பழைய அசைன்மென்ட் பேப்பருக்குப் பின்பக்கம் போட்டது. அவன் இ.சி.ஈ. அரை மணி நேரம் முறைச்சுப் பார்த்துட்டு, 'டேய், அப்போ ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறதுக்கு?'ன்னான். 130-ஐ ஒண்ணால வகுத்தா 130 மீட்டர் மார்க். அவ்வளவு கீழ இறங்குற பின் எந்த சைட்டுலயும் கிடையாதுடான்னேன். 'ஒரு மீட்டருக்கு எதுக்குடா வில்லு, அம்பைக் கையில எடுத்துக் குத்திட்டு வந்துடு'ன்னு சொல்லிட்டு லைட்டை ஆஃப் பண்ணிட்டான்.